மாசியில் ஏன் பூக்கிறது வன்னி?

மாசி பிறந்தால் இலங்கையின் வடக்கே உள்ள வன்னி நிலத்தில் தண்ணீர்க் கணக்குத் தொடங்கிவிடும். மழைப்பயிரான காலபோக நெல் அறுவடை முடிந்து வயல்கள் அரிதாளோடு கிடக்கும். மார்கழியில் நிரம்பி வான் பாய்ந்த குளம் மெல்ல இறங்கி, அலைகரைச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். குளத்துத் தண்ணீரில் விளைகிற சிறுபோகத்துக்கு இந்த முறை எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் வரும் என்ற பேச்சு கடைத்தெருவில் அடிபடும்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை வேலிகளில் கிளிசரியா (கிளிரிசிடியா) மரம் பூத்து நிற்கிறது. ஓர் இலை இருக்காது, தடி முழுக்க இளஞ்சிவப்பு. முள்முருக்கு சிவக்கிறது. மாவும் மரமுந்திரிகையும் பூக்கின்றன. பங்குனி வந்தால் வேம்பு, சித்திரையில் கொன்றை. மழை கொட்டிய மாதங்களில் இலையை மட்டும் தள்ளிக்கொண்டு நின்ற மரங்களுக்கு, மழை ஓய்ந்து மண் காயும்போதுதான் பூக்கிற எண்ணம் வருகிறது. தண்ணீர் இருக்கிறபோது பூக்காமல், இல்லாதபோது ஏன் பூக்க வேண்டும்?

இதே கிழமைகளில் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற சொந்தக்காரர் பூங்காப் படங்கள் அனுப்பத் தொடங்குவார்கள். முதலில் பனித்தரையைக் கிளப்பிக்கொண்டு வருகிற வெள்ளை ஸ்னோடிராப், அப்புறம் குரோக்கஸ், அதன் பின்னால் மஞ்சள் டஃபடில், கடைசியில் டியூலிப். அங்கே கணக்கு குளிரில் நடக்கிறது. டியூலிப் கிழங்குக்குள் பூ முந்திய கோடையிலேயே குட்டியாக உருவாகிவிடும். ஆனால் 12 முதல் 16 கிழமை வரை நல்ல குளிர் பட்டால்தான் தண்டு நீண்டு அதை வெளியே கொண்டுவரும். குளிர் போதாவிட்டால் இலைக்குள்ளேயே முடங்கிவிடும். காஷ்மீரில் சிறிநகர் ஏரிக்கரையில் 2007-இல் டியூலிப் தோட்டம் திறக்க முடிந்ததும் அந்தக் குளிரை நம்பித்தான். கிளிநொச்சியில் தை மாத விடியற்காலை எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு போர்வையோடு சமாளிக்கலாம். அந்தக் குளிர் டியூலிப்புக்குக் காணாது.

வன்னி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். லண்டனில் இது எட்டு மணித்தியாலத்துக்கும் மேல். வெப்பநிலையும் ஆண்டு முழுக்கச் சில பாகைக்குள்தான் ஏறி இறங்குகிறது. ஆண்டுக்குள் பெரிதாக மாறுவது தண்ணீர் ஒன்றுதான். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் இடங்களை இலங்கையில் உலர்வலயம் என்கிறார்கள். வன்னிக்கு வருவது அதிலும் குறைவு. அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களில் விழுந்து முடிகிறது. சித்திரையில் இடியோடு கொஞ்சம், அப்புறம் புரட்டாசி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மண்ணை அள்ளி வீசுகிற காலம்.

ஆகவே வன்னியில் செடியும் மரமும் தண்ணீரின் வரவையும் போக்கையும் பார்த்துத்தான் பூக்கின்றன. வரவைப் பார்ப்பவை ஒரு கூட்டம், போக்கைப் பார்ப்பவை இன்னொரு கூட்டம். ஆண்டுக்கு ஒரு வசந்தம் என்பது இங்கே சரிவராது. இரண்டு இருக்கிறது.

முதலாவது மண்ணுக்குள்ளிருந்து வருவது. வெளிநாட்டுப் பூங்காக்களின் குரோக்கசுக்கு வன்னியில் ஓர் உறவுக்காரர் வேண்டுமென்றால் அது கார்த்திகைப்பூதான். கோடை முழுவதும் கவைபோலப் பிரிந்த கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். மேலே ஓர் அடையாளமும் இராது. ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் முளை கிளம்பும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கொடியாகிப் பக்கத்தில் வேலித்தடியாக நட்ட கதியாலைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஏறி வேலி உயரத்துக்கு வந்ததும் மொட்டுகள் தலைகீழாகத் தொங்கும்.

பூ விரிவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆறு இதழும் விளிம்பு நெளிந்து மேல்நோக்கி மடியும். முதல்நாள் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். அடுத்தடுத்த நாளில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, அடியில் மஞ்சள் ஒரு கீற்றாக ஒதுங்கி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த நிறங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். சூல்தண்டு நேராக நீளாமல் செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் போகும். பூந்தேனுக்கு வருகிற வண்ணத்துப்பூச்சியின் இறகில் மகரந்தம் தட்டுகிற மாதிரியான அமைப்பு. தை முடிவதற்குள் கொடி காய்ந்து போகும், கிழங்கு மறுபடி படுத்துவிடும். அழகைப் பார்த்துக் கிழங்கைத் தோண்டக் கூடாது. அதில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. மூட்டுவலிகளில் ஒன்றான கவுட் நோய்க்கு மருந்தாவதும் அதே பொருள்தான், அளவு மட்டும் வேறு. தமிழ்நாட்டின் மாநில மலர் இது. அங்கே விதைக்காகவே தோட்டமாகப் பயிரிடுகிறார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27-ஓடு இந்தப் பூ எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மழையை நம்பி எழும்புகிற மற்றவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. காட்டோரத்து நிலப்பனை புல்லுக்குள் மஞ்சள் நட்சத்திரமாகப் பூக்கும். காட்டுக்கரணை பூத்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும், செத்த எலி நாற்றம். எல்லாமே கீழே சேமிப்பு வைத்திருப்பவை. வேரோ கிழங்கோ போன ஆண்டின் உழைப்பைச் சேர்த்து வைத்திருப்பதால் முதல் மழைக்கே பூக்க முடிகிறது. விதையிலிருந்து தொடங்குகிற செடிக்கு அவ்வளவு அவசரம் முடியாது.

இரண்டாவது வசந்தம் மரங்களுடையது. புதிர் இருப்பது இங்கேதான்.

மரத்துக்குப் பெரிய தண்ணீர்ச் செலவு இலை. வேர் இழுக்கிற நீரில் மிகப் பெரும்பகுதி இலைத்துளை வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது. மழைக்காலத்தில் பரவாயில்லை, வரவும் செலவும் சமன். மண் காயத் தொடங்கியதும் வரவு குறைகிறது. அப்போது கிளிசரியா, முருக்கு போன்ற மரங்கள் இலையைக் கொட்டிவிடுகின்றன. கடன் ஏறிய வீட்டில் செலவை ஒரேயடியாக நிறுத்துகிற மாதிரி. இலை போனதும் நீர் வெளியேறுகிற வாசல் அடைபடுகிறது. ஆழத்து வேர் இழுக்கிற கொஞ்ச நீர் இப்போது ஆவியாகாமல் தண்டிலும் கிளையிலும் தங்குகிறது. வற்றியிருந்த மரத்தண்டு மழையில்லாமலே மறுபடி நிரம்புகிறது. மொட்டு வீங்கி வெடிக்க அந்த அளவு போதும். பூவிதழ் மெல்லியது, சில நாள் வாழ்வது. ஒரு மரத்தின் பூவுக்கு ஆகிற தண்ணீர், அதே மரம் இலையோடு நின்றால் போகிற தண்ணீருக்குக் கிட்டவும் வராது. மத்திய அமெரிக்காவில், கோஸ்டாரிக்காவின் உலர்காடுகளில் மரத்தண்டின் நீரளவை அளந்து இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். காய்ந்து சாகிறது என்று நாங்கள் நினைக்கிற மரம் உண்மையில் உள்ளே நனைந்து கொண்டிருக்கிறது.

மொட்டை மரமெல்லாம் காய்ந்த மரம் அல்ல என்பதற்கு முருக்கு நல்ல சாட்சி. அதன் தண்டு மெத்தென்றது, நீரைச் சேர்த்து வைக்கும். வெட்டி நட்ட தடி வேர் விடுவதற்கு முன்னமே தளிர்க்கிறதே, அதுவும் அந்தச் சேமிப்பில்தான். கலியாண வீட்டில் கன்னிக்காலுக்கு முள்முருக்கைத் தேடுகிற பழக்கத்தின் பின்னால் இந்தக் கவனிப்பு இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, தண்ணீர் மட்டும்தானா? ஒரு வீதியில் உள்ள மரங்கள் ஈரம் கூடிய இடம், குறைந்த இடம் என்று பார்க்காமல் கிட்டத்தட்ட ஒரே கிழமையில் விழிக்கின்றனவே. அதற்கு இன்னொரு மணிக்கூடு உண்டு. மார்கழியின் முதல் கிழமை கழிந்ததும் பகல் நீளத் தொடங்குகிறது. வெப்பமண்டல மரங்களில் சில, பகல் அரை மணித்தியாலத்துக்கும் குறைவாக நீண்டதையே உணர்ந்து மொட்டை விடுகின்றன. மழை தவறலாம், குளம் வற்றலாம், சூரியன் மட்டும் தவணை பிந்தாது.

கிளிசரியா பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது வன்னி மண்ணின் மரமே அல்ல. மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருந்து வந்தது. அங்கேயும் மார்கழி முதல் சித்திரை வரை வறட்சி. கண்டம் மாறினாலும் பஞ்சாங்கம் மாறவில்லை, அதனால்தான் ஊர்க்காரனைப்போல ஒட்டிக்கொண்டது. மீள்குடியேறி வந்தவர்கள் வளவை அடைக்க அவசரமாகப் போட்ட கதியால்களில் பெரும்பங்கு இதுதான். ஆனால் எல்லா வேலியும் பூப்பதில்லை, கவனித்திருக்கலாம். பூ வருவது முந்திய பருவத்தில் முற்றிய கிளையில். ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டே இருக்கிற வேலியில் இளந்தடி மட்டும்தான் இருக்கும், அது இலைதான் தள்ளும். ஒரு வளவு வேலி பூக்காடாகவும் அடுத்த வளவு வேலி வெறும் பச்சையாகவும் நின்றால் மண்ணைக் குறை சொல்லத் தேவையில்லை, ஆடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பூ முடிந்ததும் தட்டையான காய்கள் வரும். சித்திரை வெயிலில் அவை பட்டென்று வெடித்து, தோல் முறுக்கிக்கொண்டு விதையைத் தூர எறியும். மத்தியானத்தில் வேலியோரம் இருந்தால் அந்தச் சத்தம் கேட்கும்.

வறட்சியில் பூப்பதால் மரத்துக்கு என்ன லாபம் என்றால், முதல் லாபம் மகரந்தம் நனையாது. அடைமழையில் பூத்தால் பூச்சியும் பறக்காது, மகரந்தமும் கரைந்துபோகும். இரண்டாவது, இலையில்லாத கிளையில் பூவை மறைக்க ஒன்றுமில்லை. முருக்கம்பூவுக்கு மணமே கிடையாது, சிவப்பும் தேனும்தான். காலை ஏழு மணிக்கு ஒரு முருக்கின் கீழ் நின்றால் மைனா, காகம், கரிக்குருவி, தேன்சிட்டு எல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தேன் குடிப்பதைக் காணலாம், தலையில் மகரந்தப் பொடியோடு. மூன்றாவது லாபம் பிள்ளைகளுக்கானது. இப்போது பூத்தால்தான் காய் முற்றி, விதை விழுந்து, அடுத்த பெருமழைக்கு மண்ணில் தயாராக இருக்கும். பாலையும் வீரையும் ஆண்டின் நடுப்பகுதியில் பழுப்பதால் காட்டுக் கரடிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கிடைப்பது இந்தக் கணக்கின் உபரி.

வேம்பு இவற்றோடு சேர்ந்தும் சேராமலும் நிற்கிறது. முழுக்க மொட்டையாவதில்லை. பழுத்த இலை விழ விழச் செந்தளிர் வந்து, அதன் நடுவே வெள்ளைப் பூச்சரம் இறங்கும். ஒரு பூவை எடுத்துப் பார்த்தால் ஐந்து இதழ், நடுவில் ஒரு சின்னக் குழாய், எல்லாம் சேர்ந்து அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. பின்னேரம் வாசம் கூடும். பங்குனியில் முற்றத்தைக் கூட்டிவிட்டு மரத்தின் கீழ் பாயோ சாக்கோ விரித்து விடுகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. விடிய விழுந்து கிடக்கிற பூவை அள்ளி, சுளகில் புடைத்துக் காம்பும் சருகும் போக்கி, ஊறவைத்து அரைத்த உழுந்தோடு வெங்காயம், செத்தல்மிளகாய், பெருஞ்சீரகம் சேர்த்துக் குழைத்துத் தட்டிக் காயவைத்தால் வேப்பம்பூ வடகம். நல்ல வெயில் இருந்தால்தான் வடகம் பூஞ்சை பிடிக்காமல் காயும். பூவும் வெயிலும் ஒரே மாதத்தில் வருவதால் அமைந்த சமையல் அது. சோற்றுக்கும் புளிக்குழம்புக்கும் பக்கத்தில் அந்தக் கைப்புப் பிடிக்காதவர்கள் இருக்கலாம், அவர்கள் பாவம்.

மாவின் கதை கொஞ்சம் நோகிற கதை. மழைக்குப் பிந்திய குளிர்ந்த இரவுகளும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால்தான் மா இலைத்தளிரை விட்டுப் பூவுக்குத் திரும்புகிறது. தை, மாசியில் பருவம் தப்பிய மழை பிடித்தால் இரண்டு பக்கமும் அடி. பூக்காத மரம் மறுபடி இலை தள்ளும், பூத்த மரத்தில் பூங்கொத்து பூஞ்சை பிடித்துக் கருகிக் கொட்டும். மாம்பூக் கருகிய ஆண்டில் சந்தையில் மாங்காய் விலையைக் கேட்டால் போதும், தை மழை எத்தனை நாள் பெய்தது என்று தெரிந்துவிடும். மரமுந்திரிகைக்கும் இதே ஆபத்து உண்டு.

இனிப் பூங்காவுக்கு வருவோம். வன்னியில் போருக்குப் பிறகு பிரதேச சபைகளும் நகரசபையும் குளக்கரைகளிலும் வீதியோரங்களிலும் பூங்காக்கள் அமைத்தன. நடைபாதை, ஊஞ்சல், சிமெந்து வாங்கு, சுற்றிவரப் புல்லும் குரோட்டனும். இந்த அமைப்பு ஈரவலயத்திலிருந்து அப்படியே எடுத்து வந்தது. நாட்டின் பெரிய தாவரவியல் பூங்காக்களான பேராதனை 1821-இலும் ஹக்கலை 1861-இலும் மழை நிறைந்த மலையகத்தில் தொடங்கியவை. உலர்வலயத்துக்கென்று முதலாவது பூங்கா அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் 2013-இல்தான் திறக்கப்பட்டது. பூங்கா என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற படம் எங்கள் மனதில் மலைநாட்டுப் படமாகப் பதிந்ததில் ஆச்சரியம் இல்லை.

அதன் விளைவு மாசியில் தெரியும். குடிதண்ணீருக்குக் கிணறு இறைக்கிற மாதத்தில் பவுசர் வந்து புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும். அப்படியும் புல் கருகும். இன்னொரு வேடிக்கை, அந்தத் தண்ணீரே பூவையும் கெடுக்கும். கடதாசிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாவாகவும் சிவப்பாகவும் தெரிவது நிறம் மாறிய இலைதான். உண்மையான பூ அதன் நடுவில் மூன்று மூன்றாக நிற்கிற சின்ன வெள்ளைக் குழாய்கள். வேர் கொஞ்சம் காய்ந்தால்தான் இந்தக் கொடி பூக்கும். தினமும் ஹோஸ் பிடித்தால் முள்ளும் பச்சையுமாக நீளமாக ஓடிக்கொண்டே போகும். யாரும் கவனிக்காத பாழ்வளவு மதிலில் கடதாசிப்பூ கொள்ளையாகப் பூத்திருக்க, காவலாளி வைத்துப் பராமரிக்கிற பூங்காவில் அது பூவில்லாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். தேமாவும் அப்படியே. இலை கொட்டி, கொழுத்த விரல் போன்ற கிளை நுனியில் பூக்கொத்து வைக்கிற மரத்தை நனைத்துக்கொண்டே இருந்தால் அதன் தண்டு அழுகும்.

இலையுதிர்ந்த மரத்தைப் பட்டுப்போனது என்று வெட்டி எறிவதும் பூங்காக்களில் நடக்கிறது. நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். அதைப் பார்த்த பிறகு கத்தியை எடுக்கலாம், அல்லது வைக்கலாம்.

எனக்குக் கேட்டால் வன்னிப் பூங்காவுக்குப் பூமரங்களைத் தேடி எங்கேயும் போகத் தேவையில்லை. இலுப்பைக்கடவை, நொச்சிமோட்டை, பாலைமோட்டை என்று ஊருக்கே மரத்தின் பெயரை வைத்த இடம் இது. குளக்கரையின் ஈரமான பக்கத்துக்கு மருது, வெயில் பக்கத்துக்கு ஆவாரை, எல்லைக்கு முருக்கு, நிழலுக்கு வேம்பும் புங்கையும், நடுவில் நாலு கொன்றை. வேலியோரம் கார்த்திகைப்பூக் கிழங்கை ஊன்றலாம். ஆனால் பிள்ளைகள் விளையாடுகிற பக்கத்தில் வேண்டாம். வேர் ஊன்றும்வரை இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் அதற்குமேல் பவுசருக்கு வேலையில்லை. இப்படி நட்டால் ஐப்பசி தொடங்கி வைகாசி வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும்.

வடமாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடுகிறார்கள். நல்ல தெரிவு, மழை தானே தண்ணீர் ஊற்றும். கன்று பிழைக்கிறதா என்பது தெரிவது படம் எடுத்து முடிந்து மூன்று நான்கு மாதம் கழித்து, பங்குனியில். அந்த மாதத்தில் யாரும் படம் எடுப்பதில்லை. கன்றின் அடியைச் சுற்றி வைக்கோலோ சருகோ தடிப்பாகப் போட்டு, கிழமைக்கு ஒருதரம் ஆழமாக ஊற்றுவது, தினமும் தெளிப்பதை விட நல்லது. மேலோட்டமாக ஊற்றினால் வேரும் மேலேயே படர்ந்து முதல் சோளகத்தில் காய்ந்துவிடும்.

கொன்றைக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. அதன் காய் முற்ற ஏறக்குறைய ஓர் ஆண்டு எடுக்கும், அதனால் சித்திரையில் புதுப் பூச்சரத்துக்குப் பக்கத்திலேயே போன ஆண்டின் நீளக் கறுப்புக் காய்கள் தொங்கும். வருடப்பிறப்புக்குப் பஞ்சாங்கம் சொன்னபடி கொன்றையிலை பறிக்கப் போகிறவர்கள் அப்படியே இரண்டு காயையும் தட்டி எடுத்து வரலாம். காயை உடைத்தால் உள்ளே தட்டுத்தட்டாகப் பிரிந்து, கறுத்த பசையோடு ஒவ்வொரு தட்டிலும் ஒரு விதை இருக்கும். விதைத்தோல் கல்லு மாதிரி, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் முளைக்காது. ஒரு ஓரத்தைக் கல்லில் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஊதிப் பெருத்தவற்றை மட்டும் பையில் போடவேண்டும். சித்திரையில் போட்டால் கார்த்திகை மழைக்கு நடுகிற கன்றாகிவிடும்.